மஹ்து சதுக்கத்தில் ஒரு லுஹர்

 

2019-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், அரையாண்டு விடுமுறையில், உம்ராவை நிறைவேற்றிவிட்டு ஜோர்டான் வழியாக பைத்துல் முகத்தஸுக்குச் சென்ற ஒரு சிறு குழுவுடன் நானும் சென்றிருந்தேன். அல்ஹம்து லில்லாஹ். மஸ்ஜிதுல் அக்ஸாவில் தொழக் கிடைத்த நாள்களைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். இக்கட்டுரை அப்பயணத்தின் ஒரு முற்பகலைப் பற்றியது. ஒரு தேவாலயத்தின் வாசலில் நின்றபோது என்னைப் பற்றி நான் அறிந்துகொண்டதைப் பற்றியது. மத்ரஸாவில் இருபது ஆண்டுகளாகப் பாடம் நடத்துகிறவன் தன் பிழையைத் தானே எழுதுவது எளிதாக இல்லை. எனினும் எழுதாமல் இருப்பது அதைவிடக் கடினமாக இருக்கிறது.

பைத்துல் முகத்தஸிலிருந்து தெற்கே சுமார் 10 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது பைத்துல் லஹ்ம். நம் நாட்டார் பெத்லகேம் என்று சொல்லும் ஊர் அதுவே. தொலைவு குறைவுதான். ஆனால் வழியில் 8 மீட்டர் உயரக் கான்கிரீட் சுவர் ஒன்று எழுந்து நிற்கிறது. அதைக் கடந்து ஊருக்குள் புகுந்து, மேட்டுச் சாலையில் சற்று நடந்தால், கல் பாவிய அகன்ற வெளி ஒன்று விரிகிறது. அதன் அரபிப் பெயர் ஸாஹத்துல் மஹ்து. தேவாலயத்தின் பெயரும் கனீஸத்துல் மஹ்து என்பதே. மஹ்து என்றால் தொட்டில். ஈஸா (அலை) அவர்கள் தொட்டிலில் இருந்தவாறே மக்களிடம் பேசியதைக் கூறுமிடத்தில் திருக்குர்ஆன் ஆளும் சொல்லும் இதுதான். மர்யம் சூராவை எத்தனையோ பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுத்திருக்கிறேன். அச்சொல்லை ஒரு கடைவீதியின் பெயர்ப் பலகையில் படித்தபோது சற்று நேரம் அங்கேயே நின்றுவிட்டேன்.

சதுக்கம் கலகலப்பாக இருந்தது. கிறிஸ்துமஸுக்குச் சில நாள்களே இருந்தமையால் நடுவில் உயரமான மரம் ஒன்றை அலங்கரித்து நிறுத்தியிருந்தனர். எள் தூவிய வளைய ரொட்டிகளைத் தள்ளுவண்டியில் அடுக்கி ஒருவர் விற்றுக்கொண்டிருந்தார். பித்தளைக் குடுவையைத் தோளில் மாட்டிய காப்பிக்காரர் கோப்பைகளைத் தட்டி ஓசையெழுப்பிச் சென்றார். ஆலிவ் மரச் சிற்பங்களை விற்கும் கடை ஒன்றில், நாம் திக்ரு செய்யும் தஸ்பீஹ் மணிகளும் கிறிஸ்தவர்களின் ஜெபமாலைகளும் ஒரே கம்பியில் தொங்கின. ஹிஜாப் அணிந்த தாய்மார்கள் பிள்ளைகளை அந்த மரத்தின்முன் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

சதுக்கத்தின் கிழக்கே தேவாலயம். மேற்கே, அதற்கு நேரெதிரே, மஸ்ஜித் உமர். இரண்டுக்கும் இடையே ஒரு வெளிதான். 1860-இல் இப்பள்ளிவாசல் எழுந்தபோது அதற்கான நிலத்தை அளித்தது அங்குள்ள கிரேக்க ஆர்த்தடாக்ஸ் திருச்சபை. உமர் (ரலி) அவர்களின் நினைவாக அப்பெயர் சூட்டப்பட்டது. 1955-இல் அது புதுப்பிக்கப்பட்டது.

தேவாலயத்தின் வாசலருகே வந்ததும் எங்கள் குழுவின் பெரியவர் ஒருவர் கேட்டார்: "ஹஜ்ரத், உள்ளே போகலாமா? கூடாதுன்னு சொல்றாங்களே!"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் அறிந்ததைச் சொன்னேன். இதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. உருவங்கள் இருக்கும் ஆலயத்தில் நுழைவதை வெறுத்தவர்களும் தடுத்தவர்களும் இருக்கிறார்கள். அனுமதித்தவர்களும் இருக்கிறார்கள். ஹன்பலீ மத்ஹபின் பேரறிஞர் இப்னு குதாமா (ரஹ்) தமது அல்முக்னீயில் ஒரு நிகழ்ச்சியைப் பதிவு செய்கிறார். ஷாம் நாட்டுக் கிறிஸ்தவர்கள் உமர் (ரலி) அவர்களுக்கு ஆலயத்தில் விருந்து வைத்தார்கள். உமர் (ரலி) உள்ளே செல்ல விரும்பவில்லை. ஆனால் அலீ (ரலி) அவர்களை மக்களுடன் அனுப்பி வைத்தார்கள். அலீ (ரலி) உள்ளே சென்று உணவருந்தினார்கள். அங்கிருந்த படங்களையும் பார்த்துவிட்டு, அமீருல் முஃமினீன் வந்திருந்தாலும் குற்றமில்லையே என்றார்கள். "ஆகவே, வணக்கம் எதிலும் கலந்துகொள்ளாமல் பார்க்க விரும்புவோர் வரலாம். மனம் ஒப்பாதவர்கள் எதிரே பள்ளியில் இருக்கலாம். யாரும் யாரையும் குறை சொல்ல வேண்டாம்" என்றேன்.

பாதிப்பேர் பள்ளிவாசலுக்குப் போனார்கள். மீதிப்பேர் என்னுடன் வந்தார்கள்.

அத்தேவாலயத்தின் வாசல் மிகச் சிறியது. உயரம் ஏறத்தாழ 4 அடி. பழைய பெருவாசலின் மேற்கல்லும் அதனுள் அமைந்த வளைவும் இன்றும் சுவரில் தெரிகின்றன. குதிரைகளும் வண்டிகளும் உள்ளே நுழைந்து கொள்ளையிடாதிருக்க, காலப்போக்கில் அதைச் சுருக்கிவிட்டார்கள் என்பர். அதைப் பணிவின் வாசல் என்று அழைக்கிறார்கள். அரசராயினும் குனிந்தே நுழைய வேண்டும். நானும் தொப்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து நுழைந்தேன்.

உள்ளே நான்கு வரிசைகளில் செந்நிறக் கல்தூண்கள். ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் காலத்தில் தொடங்கி கி.பி. 339-இல் முடிந்த முதல் ஆலயம் 6-ஆம் நூற்றாண்டில் தீக்கிரையானது. பிறகு பேரரசர் ஜஸ்டினியன் காலத்தில் எழுந்த கட்டடமே இன்று நிற்கிறது. முதல் ஆலயத்தின் வண்ணக்கல் தரையை, இன்றைய தரையில் அமைத்த மரக்கதவுகளின் வழியே குனிந்து பார்க்கலாம். சிலுவைப் போர்க்காலத்தில் பதித்த சுவர்ச் சித்திரங்கள், நூற்றாண்டுகளின் புகையும் அழுக்கும் நீங்கிப் பொன்னிறமாக ஒளிர்ந்தன. 2013-இல் தொடங்கிய அந்தச் சீரமைப்புப் பணியை முன்னின்று நடத்தியது பாலஸ்தீன நிர்வாகம். 2012-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிய இவ்விடம், அழிவின் விளிம்பில் உள்ளவற்றின் பட்டியலிலிருந்து 2019-இல், நாங்கள் சென்ற அதே ஆண்டில், நீக்கப்பட்டது.

ஈஸா (அலை) பிறந்த இடமென்று அவர்கள் நம்பும் குகைக்கு இறங்க நீண்ட வரிசை நின்றது. நான் அவ்வரிசையில் நிற்கவில்லை. பேரீச்சை மரத்தடியில் மர்யம் (அலை) அவர்கள் தனியே பட்ட வேதனையையும், அல்லாஹ் அவர்களுக்கு அளித்த ஆறுதலையும் குர்ஆன் நமக்குச் சொல்கிறது. ஊரின் பெயரை அது சொல்லவில்லை. மிஃராஜ் பயணத்தின்போது நபி (ஸல்) அவர்கள் பைத்துல் லஹ்மில் இறங்கித் தொழுததாக நஸாயீயில் ஓர் அறிவிப்பு உண்டு. அதன் தரம் குறித்து ஹதீஸ்கலை அறிஞர்களிடையே பேச்சும் உண்டு. ஈஸா (அலை) அல்லாஹ்வின் அடியார், அவனுடைய தூதர் என்பது நம் ஈமான். அந்தக் குகையில் மண்டியிட்டு அழுதுகொண்டிருந்தவர்களின் நம்பிக்கை வேறு. அந்த வேறுபாடு சிறியதன்று. அதைச் சிறியதாக்கிக் காட்ட நான் இதை எழுதவில்லை.

நான் தேடிச் சென்றது ஆலயத்தின் தென்புற வளைவை. உமர் (ரலி) அவர்கள் இவ்வூருக்கு வந்தபோது தொழுகை நேரமாயிற்று. கிப்லாவை நோக்கிய அந்தத் தென்புற வளைவில் தொழுதார்கள். பிறகு ஓர் ஆணையை எழுதிக் கொடுத்தார்கள். இங்கே முஸ்லிம்கள் ஒருவர் ஒருவராக மட்டுமே தொழலாம், கூட்டமாகத் தொழக் கூடாது, பாங்கு சொல்லக் கூடாது, எதையும் மாற்றக் கூடாது என்பது அவ்வாணை. பைத்துல் முகத்தஸின் பெரிய தேவாலயத்தில் தொழாமல் வெளியே படிக்கட்டில் தொழுத நிகழ்ச்சியும் இதனுடன் சேர்ந்தே சொல்லப்படுகிறது. "நான் உள்ளே தொழுதிருந்தால், உமர் தொழுத இடம் என்று சொல்லி எனக்குப் பின் வருபவர்கள் இதை உங்களிடமிருந்து பறித்துவிடுவார்கள்" என்ற கருத்தில் அவர்கள் காரணம் கூறியதை, நம் மேடைகளில் கேட்காதவர் இருக்க முடியாது. நானே எத்தனை ஜும்ஆக்களில் பேசியிருக்கிறேன்!

இந்நிகழ்ச்சிகளை விரிவாக எழுதி வைத்தவர் யார் தெரியுமா? ஸயீத் இப்னு பித்ரீக் என்னும் கிறிஸ்தவர். 10-ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் மறைத்தலைவராக இருந்தவர். நம் கலீஃபாவின் நீதியை ஒரு கிறிஸ்தவத் தலைவரின் எழுதுகோல் காத்து வைத்திருக்கிறது. அதே நூலில் அவர் இன்னொன்றையும் எழுதியிருக்கிறார். தம் காலத்து முஸ்லிம்கள் உமரின் அந்த ஆணையை மீறிவிட்டார்கள் என்று வருந்தி எழுதியிருக்கிறார். முதற்பாதியை நான் நூறு முறையாவது சொல்லியிருப்பேன். இரண்டாம் பாதியை ஒரு முறைகூடச் சொன்னதில்லை.

அந்த வளைவின் எதிரே நின்றபோதுதான் எங்கள் ஊர் மாதா கோயில் வாசலின் நினைவு வந்து என்னை நிலைகுலையச் செய்தது. அதைச் சொல்ல எங்கள் தமிழையாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பெத்லகேம் என்ற பெயரை நான் முதன்முதலில் கேட்டது அவருடைய வகுப்பில். வீரமாமுனிவரின் தேம்பாவணியை நடத்தும்போது சொன்னார். அவர் கிறிஸ்தவர். உமறுப் புலவரின் சீறாப்புராணத்தை அவர் நடத்திய நாளில், நபி (ஸல்) அவர்களின் பெயரை அவர் உச்சரித்த மரியாதையைக் கண்டு முஸ்லிம் மாணவர்களாகிய நாங்கள் நிமிர்ந்து உட்கார்ந்தோம். பத்தாம் வகுப்பு முடிந்ததும் என் அத்தா என்னை அரபிக் கல்லூரியில் சேர்க்க முடிவு செய்தார். அதைக் கேட்ட தமிழையா, "நல்லது தம்பி. அரபியைப் படியுங்கள். தமிழை விட்டுவிடாதீர்கள். யாருக்குச் சொல்லப் போகிறீர்களோ, அவர்கள் மொழி அது" என்றார். பிற்காலத்தில் நான் எழுதிய கட்டுரைகளை எடுத்துச் செல்வேன். சிவப்பு மையால் ஒற்றுப்பிழைகளைத் திருத்தித் தருவார். இப்போது நீங்கள் படிக்கும் இந்தத் தமிழ் அவர் தந்தது.

2017-இல் அவர் இறந்தார். அடக்கத் திருப்பலி மாதா கோயிலில் நடந்தது. நான் போனேன். வாசல்வரை போனேன். உள்ளே மந்திரங்களும் பாடல்களும் ஒலித்தன. மார்க்கத்தில் எனக்குப் பங்கில்லாத ஒரு வணக்கம் அங்கே நடந்துகொண்டிருந்தது. அதற்குள் செல்லாமல் நின்றதில் எனக்கு இன்றும் வருத்தமில்லை. எதிரே இருந்த வேப்பமரத்தடியில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் நின்றேன். பிறகு திருப்பலி முடிந்து கூட்டம் வெளியே வரத் தொடங்கியது. எங்கள் ஜமாஅத்தைச் சேர்ந்த இருவர் அவ்வழியே இருசக்கர வண்டியில் வந்தார்கள். ஹஜ்ரத்துக்குக் கோயில் வாசலில் என்ன வேலை என்று கேட்டுவிடுவார்களோ என்ற அச்சம் என்னைப் பற்றிக்கொண்டது. சந்துக்குள் திரும்பி வீட்டுக்கு வந்துவிட்டேன். பேழை வெளியே வருவதை நான் பார்க்கவில்லை. அவர் மனைவியிடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அன்று மட்டுமன்று, இரண்டாண்டுகளாகியும் அந்த வீட்டுப் படியை மிதிக்கவில்லை. கேட்டவர்களிடம், "மார்க்கப் பேணுதல்" என்றேன். எனக்கு நானே சொல்லிக்கொண்டதும் அதுவே.

ஒரு யூதரின் ஜனாஸா தம்மைக் கடந்து சென்றபோது நபி (ஸல்) அவர்கள் எழுந்து நின்றார்கள். அது யூதருடையது என்று சொல்லப்பட்டபோது, அதுவும் ஓர் உயிரல்லவா என்ற பொருள்படக் கேட்டார்கள். புகாரியில் இடம்பெற்ற இந்த ஹதீஸை ஆண்டுதோறும் பிள்ளைகளுக்கு நான் நடத்துகிறேன். என் ஆசிரியரின் பேழை வரும்போது நிற்க வேண்டிய நான் சந்துக்குள் ஒளிந்தேன்.

உமர் (ரலி) அவர்களும் விலகி நின்றார்கள். நானும் விலகி நின்றேன். அந்தத் தூண்களின் நடுவே எனக்கு விளங்கியது இதுதான்: அவர்கள் விலகி நின்றது பிறருடைய உரிமை கெட்டுவிடக் கூடாது என்பதற்காக. நான் விலகி நின்றது என் பெயர் கெட்டுவிடக் கூடாது என்பதற்காக. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோல் தோன்றும். உள்ளங்களை அறிந்தவன் முன்னே அவை ஒன்றல்ல.

அப்போது மஸ்ஜித் உமரிலிருந்து லுஹர் பாங்கு எழுந்தது. ஆலயத்தின் தடித்த சுவர்களையும் தாண்டி அது உள்ளே கேட்டது. அந்தச் சிறிய வாசலில் மீண்டும் குனிந்து வெளியே வந்து, சதுக்கத்தைக் குறுக்காகக் கடந்து, பள்ளிவாசலுக்குள் சென்றோம். காப்பிக்காரர் தம் குடுவையைச் சுவரோரம் வைத்துவிட்டு என் பக்கத்து ஸஃப்பில் வந்து நின்றார். தொழுது முடித்துப் படியிறங்கும்போது எதிரே தேவாலயத்தின் நண்பகல் மணி ஒலித்தது. அங்கிருந்த எவரும் அதைக் கேட்டு முகம் சுளிக்கவில்லை. நாள்தோறும் கேட்பவர்களுக்கு அது ஒரு செய்தியே அன்று.

இதைக் கதைபோல இனிமையாக மட்டும் சொல்லிவிடக் கூடாது. 2002 ஏப்ரலில் இஸ்ரேலிய இராணுவம் இந்நகருக்குள் புகுந்தபோது, ஆயுதமேந்தியவர்களும் ஏந்தாதவர்களுமாகச் சுமார் 200 பாலஸ்தீனர்கள் அந்த ஆலயத்துக்குள் புகலிடம் தேடினார்கள். முஸ்லிம்கள் அவர்களில் பலர். 39 நாள்கள் முற்றுகை நீடித்தது. உயிர்களும் பலியாயின. துறவிகளில் பலர் அவர்களுடன் உள்ளேயே தங்கியிருந்தார்கள். இந்தச் சதுக்கத்து மக்கள் அண்டை வீட்டாராக வாழ்வது துன்பம் காணாததால் அன்று. துன்பத்தைச் சேர்ந்து கண்டவர்கள் அவர்கள்.

திரும்பும் முன் அந்தக் கடையில் ஆலிவ் மரத்தாலான சிறு பெட்டி ஒன்றை வாங்கினேன். சிலுவை, உருவம் எதுவுமில்லாத எளிய பெட்டி. எழுதுகோல் வைப்பதற்கானது.

ஊர் திரும்பிய மறுவாரம் தமிழையாவின் வீட்டுக்குச் சென்றேன். கதவைத் திறந்த அம்மா, இரண்டு ஆண்டுகள் கழியாததுபோல், "வாங்க தம்பி, உட்காருங்க" என்றார். பெட்டியைக் கொடுத்தேன். எந்த ஊரிலிருந்து வாங்கியது என்று சொன்னேன். அதைக் கையில் வைத்து நெடுநேரம் பார்த்தார். பிறகு நான் அன்று நடந்ததைச் சொல்லத் தொடங்கினேன். அவர் இடைமறித்தார்.

"எனக்குத் தெரியும் தம்பி. வேப்பமரத்தடியில நின்னீங்க. ஐயாவைத் தூக்கிட்டு வெளிய வரும்போது உங்களைத்தான் தேடினேன்."

என்னால் பேச முடியவில்லை. அவரே தொடர்ந்தார்:

"உள்ள வரலன்னு நான் நெனக்கல. உங்க மார்க்கம் எனக்குத் தெரியாதா? ஐயா இருந்திருந்தா, வரச் சொல்லியிருக்கவும் மாட்டாரு. வெளிய வந்தப்புறமாவது ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருக்கலாம். அதுதான் தம்பி."

எந்த நூலையும் புரட்டாமல் அந்த அம்மா, எது மார்க்கம் எது மார்க்கம் இல்லை என்று பிரித்துக் காட்டிவிட்டார். அவர்களுடைய வணக்கத்தில் நான் கலந்துகொள்ளாதது என் மார்க்கம். கணவரை இழந்து நின்ற ஓர் அண்டை வீட்டாருக்கு ஆறுதல் சொல்லாமல் போனது மார்க்கமன்று, கோழைத்தனம். அதற்கு நான் பேணுதல் என்று பெயரிட்டிருந்தேன்.

மன்னிப்புக் கேட்டேன். அவர் எழுந்து உள்ளே சென்று ஒரு கோப்பை எடுத்து வந்தார். அச்சில் வந்த என் பழைய கட்டுரைகளைத் தமிழையா வெட்டிச் சேர்த்து வைத்திருந்தார். ஒவ்வொன்றிலும் சிவப்பு மையால் ஒற்றுப்பிழைகள் வட்டமிடப்பட்டிருந்தன. அதை நான் வாங்கிக்கொண்டேன்.

சகோதர, சகோதரிகளே! நம் வீட்டுக்கு எதிரேயும் ஒரு மாதா கோயிலோ வேறொரு வழிபாட்டுத் தலமோ இருக்கும். அங்கே திருமணம் நடக்கும், மரணம் நிகழும். எங்கே நாம் நிற்க வேண்டும், எங்கே செல்லலாம் என்பதை ஆலிம்களிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். அக்கேள்வி மதிப்பிற்குரியது. ஆனால் நின்ற பிறகு, ஏன் நின்றோம் என்று நம் உள்ளத்திடம் கேட்போம். அல்லாஹ்வுக்காக நின்றோமா, தெருவில் போகும் இருவருடைய பேச்சுக்காக நின்றோமா?

கல்பின் நோய்களை எல்லாம் அறிந்த ரஹ்மான், மக்களின் பேச்சுக்கு அஞ்சுவதைத் தக்வா என்று எண்ணி ஏமாறுவதிலிருந்து நம்மைப் பாதுகாப்பானாக! நம் அண்டை வீட்டாரின் உரிமைகளை நிறைவேற்றும் தவ்ஃபீக்கை நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! பைத்துல் லஹ்மின் மக்களுக்கும் பாலஸ்தீனம் முழுவதற்கும் நீதியையும் அமைதியையும் அளிப்பானாக! ஆமீன்.